ஐந்தாவது பத்தியில் ஒரு சொல்

ஜனவரி 9, வியாழன்

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து இன்று கல்லூரி திறந்தது. முதலாமாண்டு வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள். ஆங்கில இலக்கணத்தை நானும் ஏறக்குறையத் தூங்கிக்கொண்டுதான் நடத்தினேன்.

மத்தியானம் ஆசிரியர் அறையில் தெபோராள் ஒரு கட்டுத் தாளோடு வந்து உட்கார்ந்தாள். எங்கள் நல்லாம்பாறை பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் 'சபையும் சமூகமும்' அவளுடைய பாடம். ஒன்பது வருடமாக எனக்குப் பக்கத்து மேசை. என்னைவிட எட்டு வயது இளையவள்.

“அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. பிழை இருந்தா மட்டும் சொல்லுங்க. கருத்துச் சொல்லாதீங்க.”

கல்லூரி இதழுக்கு எழுதிய கட்டுரை. நாங்கள் குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறவர்கள் இல்லை. வளர்ந்து, தானாக முடிவெடுத்து வருகிறவர்களைத் தொட்டியில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள். எங்கள் ஐக்கியத்தின் பதினோரு சபைகளுக்கு மாணவர்களை அனுப்பி, யார் எந்த வரிசையில் தண்ணீரில் இறங்குகிறார்கள் என்று இரண்டு வருடம் குறித்துவரச் செய்திருக்கிறாள். ஒன்பது சபைகளில் மேலத்தெருக்காரர்கள் முதலில் இறங்குகிறார்கள். காலனிக்காரர்கள் கடைசியில். அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை. யாரும் யாரையும் தள்ளவும் இல்லை. அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒன்பதில் எங்கள் நல்லாம்பாறை சபையும் ஒன்று. வயதுப்படி நிற்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இரண்டு ஒற்றுப்பிழை. திருத்திக் கொடுத்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம், ஆராதனை, பிறகு தெபோராள் புதிதாகக் கட்டிய வீட்டில் ஜெபம். காலனியின் கடைசியில், வாய்க்காலை ஒட்டி இரண்டு அறை. நல்ல காற்று. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இன்று பார்த்து வயிறு சரியில்லை. ஒரு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார்: “சாப்பாடு அங்கயா?” இல்லை என்றேன். “நல்லது” என்றார். நேற்று வைத்த மீன்குழம்பு இருந்தது. சாப்பிட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

இதழ் வந்துவிட்டது. காலையிலேயே மேலத்தெருவிலிருந்து ஆறு பேர் முதல்வர் அறையில். கதவு சாத்தியிருந்தும் சத்தம் நூலகம் வரை கேட்டது.

தெபோராள் வகுப்பில்தான் இருந்தாள். “என்னக்கா, சண்டைக்கு வந்திருக்காங்களா?” என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

முதல்வர் அருமைநாயகம் ஐயா கூப்பிட்டனுப்பினார். அவர்தான் ஐக்கியத்தின் செயலாளரும். அமெரிக்கக் கடிதங்களையெல்லாம் பதினைந்து வருடமாகத் தமிழில் ஆக்கிக் கொடுப்பது நான். புதிதாக ஒன்று வந்திருந்தது. நம்மோடு கூட்டு வைத்திருக்கும் அமெரிக்க பாப்டிஸ்ட் ஐக்கியத்திலிருந்து ஏழு பத்தி கொண்ட ஒரு விசுவாச அறிக்கை. அங்கே அதன் பேரில் நான்கு வருடமாகச் சண்டையாம். ஜூன் மாத மாநாட்டில்தான் ஓட்டு. ஆனால் வெளிநாட்டுக் கூட்டாளிகள் இப்போதே கையெழுத்திட்டு அனுப்பினால் ஆதரவாக இருக்கும் என்று கால்டர் என்ற அவர்களுடைய பொறுப்பாளர் எழுதியிருக்கிறார்.

சண்டை ஐந்தாவது பத்தியைப் பற்றி. நிறவெறி தனி மனிதனின் பாவம் மட்டும் இல்லை, சட்டத்திலும் வழக்கத்திலும் பள்ளியிலும் சபையிலும் ஊறிப்போய் நிற்கிறது, யாரும் கெட்ட எண்ணம் வைக்காமலேயே அது வேலை செய்யும் என்று சொல்லும் ஒரு கோட்பாடு அந்த நாட்டில் இருக்கிறதாம். அது வேதத்துக்கு விரோதம் என்கிறது ஒரு பாதி. வேதத்துக்குக் கீழே வைத்துக்கொண்டால் அது கண்ணைத் திறக்கும் என்கிறது மறுபாதி. கறுப்பின போதகர்கள் பலர் மறுபாதியில். ஐந்தாவது பத்தி சொல்வது: இனத்தை அடிப்படையாக வைத்துத் திருச்சபையை ஆராயும் எந்தப் போதனையையும் நாங்கள் நிராகரிக்கிறோம்.

ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“டீச்சர், 'இனம்'னு போட்டா நம்ம ஆளுகளுக்கு என்ன புரியும்? இங்க வெள்ளைக்காரனும் கறுப்பனுமா இருக்கான்? நம்ம ஊருக்குத் தக்கன போடுங்க.”

“எப்படிங்கய்யா?”

“மொழி தெரிஞ்சவங்க நீங்க. நான் சொல்லித் தரணுமா?”

பிறகு காபி வந்தது. மே மாதத்தோடு பதிவாளர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு யாரைப் போடுவது என்று யோசிப்பதாகச் சொன்னார். பிறகு, அவருடைய அக்கா என் மகள் ஷெரினின் போட்டோவைப் பார்த்துவிட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டதாகவும், பையனுக்கு ஆகஸ்டில் துபாயிலிருந்து லீவு கிடைக்கும் என்றும் சொன்னார்.

மூன்றும் தனித்தனிப் பேச்சு. நடுவில் காபி வந்தது.

பிப்ரவரி 5, புதன்

முதல் பிரதியில் 'இனம்' என்றே எழுதினேன். வாசித்துப் பார்த்தால் உண்மையிலேயே ஒட்டாமல்தான் இருந்தது. வீட்டில் இருக்கும் பழைய அகராதியை எடுத்தேன். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இனம், குலம், மரபு என்று போட்டு, நான்காவதாகச் சாதி என்றும் போட்டிருக்கிறது. அச்சில் இருப்பதைத்தான் எடுத்தேன். நானாக எதையும் உண்டாக்கவில்லை.

'சாதியை அடிப்படையாக வைத்துத் திருச்சபையை ஆராயும் எந்தப் போதனையையும் நாங்கள் நிராகரிக்கிறோம்.'

வாக்கியம் நன்றாக நிற்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

அறிக்கையைத் தட்டச்சுக்குக் கொடுத்தேன். தோசைக்கு மாவு அரைக்கக் கொடுத்து வாங்கினேன்.

“என்னக்கா, ரெண்டு நாளா முகத்தையே பாக்க முடியல?” என்று தெபோராள் கேட்டாள். அமெரிக்கக் கடிதம் ஒன்று என்றேன். “பாவம் நீங்க. முழிச்சு முழிச்சு எழுதுதீங்க, பேரு மட்டும் ஐயாவுக்கு” என்று தன் முறுக்கு டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

பல் வலி என்றேன்.

பிப்ரவரி 22, சனி

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

காலை பத்து மணிக்குச் சிற்றாலயத்தில் ஆசிரியர்கள் பதினான்கு பேரும். ஐயா ஜெபித்துவிட்டு அறிக்கையை வாசித்தார். ஆட்சிக்குழு போன வாரமே ஏற்றுக்கொண்டாயிற்று. ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். தாள் வரிசையாக வந்தது. நான் மூன்றாவது. தெபோராள் ஒன்பதாவது.

அவள் நிதானமாக முழுவதும் வாசித்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

“ஐயா, மூலம் இருக்கா? இங்கிலீஷ்?”

“எதுக்கு?”

“பாத்துட்டுக் கையெழுத்துப் போடுதேன்.”

கொடுத்தார்கள். ஐந்தாவது பத்தியில் விரலை வைத்தாள். “இதுல சாதின்னு இல்லையே ஐயா.”

“மொழிபெயர்ப்பு புளோரா டீச்சர் செஞ்சது” என்றார் ஐயா. “அவங்கட்டயே கேளுங்க.”

மற்ற எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தெபோராள் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகுதான் நிமிர்ந்தாள். சூழலுக்கு ஏற்ற மொழிபெயர்ப்பு என்று ஒன்று உண்டு, எல்லா மொழியிலும் அப்படித்தான் செய்வார்கள் என்றேன். அது உண்மைதான். வகுப்பில் நானே நடத்துவதுதான்.

அவள் “சரிக்கா” என்றாள்.

ஐயா எழுந்தார். “பாவம் மனுஷனோட இருதயத்துல இருக்கு தெபோராள் டீச்சர். வரிசையில இல்ல. கிறிஸ்துவுக்குள்ள வந்த பிறகு மேலத்தெரு ஏது, காலனி ஏது? எண்ணி எண்ணிப் பிரிக்கிறது நீங்கதான்.”

“வரிசையில ஒண்ணுமே இல்லன்னா, அத மாத்துறதுல என்ன கஷ்டம் ஐயா?”

அவள் தொடர்ந்தாள். “அமெரிக்காவுல இதுக்கு ரெண்டு பக்கம் இருக்கு. நாலு வருஷமா எழுந்து நின்னு பேசுதாங்க. தோத்தாலும் பேசித் தோப்பாங்க. இங்க ஒரே வார்த்தையில கதையை முடிச்சிட்டீங்க.”

பேனாவை மூடி, தாளைப் பத்தாவது ஆளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பத்தாவது ஆள் கையெழுத்திட்டார். பதினான்காவது ஆளும்.

வெயில் அதற்குள் ஏறிவிட்டது. வரும் வழியில் ஷெரினுக்கு வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கினேன்.

மார்ச் 3, திங்கள்

தெபோராளைப் பணியிடை நீக்கம் செய்து கடிதம் கொடுத்தார்கள். ஐயா எழுதியதை நான் பார்த்துக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் கடுமையாக இருந்ததை மென்மையாக்கினேன். அது அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பக்கத்து மேசை காலி.

மார்ச் 19, புதன்

விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் பாக்கியம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். என் வயதுதான் இருக்கும். காலனிக்காரி. கணீரென்ற குரல்.

“தெபோராள் டீச்சர் எப்ப வருவாங்க, டீச்சர்?”

தெரியவில்லை என்றேன்.

“உங்களுக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?” என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். மேசையைத் துடைத்தாள். தெபோராளின் மேசையையும் துடைத்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

ஷெரினைப் பார்க்க ஐயாவின் அக்கா குடும்பம் வந்தது. அதிரசம், முந்திரிக்கொத்து, காபி. பேசி முடிவாகிவிட்டது. கிளம்பும்போது அந்த அம்மா என் கன்னத்தைத் தடவி, “நம்ம பிள்ளைகளுக்குள்ளயே முடிச்சிட்டா பிறகு ஒரு கவலையும் இல்ல பாருங்க” என்றார்கள்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு அடுத்த வாரம் கால்டரும் இன்னொரு போதகரும் வருகிறார்களாம். அவர்கள் பார்க்க அன்றைக்கே ஞானஸ்நானம். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மேலத்தெருவில் நான்கு, காலனியில் எட்டு. எட்டில் ஒருத்தி பாக்கியம்.

இந்தத் தடவை காலனிப் பேர்களை முதலில் இறக்க ஐயாவே முடிவு செய்திருக்கிறார். “அந்தக் கட்டுரை அமெரிக்கா வரைக்கும் போயிருக்கு டீச்சர். நம்ம சபை எப்படின்னு அவங்க கண்ணாலயே பாத்துட்டுப் போகட்டும்.”

நல்ல முடிவு. தெபோராள் கேட்டதும் இதைத்தானே.

ஏப்ரல் 27, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

மேலத்தெரு நான்கு பேரும் வரவில்லை. நான்கு பேருக்கும் காய்ச்சல். வேறு வேறு வீடு, ஒரே நாளில் காய்ச்சல். ஐயாவின் முகம் கறுத்தது. ஆனால் விருந்தினர் காரைவிட்டு இறங்கிவிட்டார்கள்.

கால்டர் நல்ல மனிதர், அதைச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் கை கொடுத்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கூட வந்தவர் டில்மன். அறுபது வயதிருக்கும், உயரமான கறுப்பின போதகர், அதிகம் பேசவில்லை. ஐந்தாவது பத்தியை எதிர்ப்பவர்களில் அவர் ஒருவர் என்று கால்டரே சிரித்துக்கொண்டு அறிமுகம் செய்தார். “கருத்து வேறு, சகோதரத்துவம் வேறு. சேர்ந்தேதான் பயணம் செய்கிறோம்” என்றார்.

முழுகுவதற்கு முன் ஒவ்வொருவரும் தண்ணீரில் நின்று சாட்சி சொல்ல வேண்டும். தொட்டியின் விளிம்பில் ஒலிபெருக்கியோடு நான் நின்று அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் எங்கள் மாணவர்கள் பாடகர் குழுவில். அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

முதலில் பாக்கியம் இறங்கினாள். வெள்ளைச் சேலை. இடுப்பளவு தண்ணீர். போதகரும் இறங்கி அவள் பக்கத்தில் நின்றார்.

“நான் பாக்கியம். காலேஜ் சமையக்கட்டுல வேலை செய்யுதேன். இயேசுவ ஏத்துக்கிட்டு பதினோரு வருஷமாச்சு. இன்னும் முங்கல. ஏன்னா, கடைசியா நில்லுன்னாங்க. நிக்க மாட்டேன்னு போயிட்டேன்.”

சபையில் யாரோ இருமினார்கள். நான் சொன்னேன்: பதினோரு வருடங்களுக்கு முன் கர்த்தரை ஏற்றுக்கொண்டேன். ஞானஸ்நானம் எடுக்கத் தாமதித்துவிட்டேன்.

“தெபோராள் டீச்சர்தான் சொன்னாங்க, பாக்கியம், ஒரு நாள் நீ மொதல்ல இறங்குவன்னு. இன்னைக்கு என்னைய மொதல்ல இறங்கச் சொல்லிட்டாங்க. சந்தோஷமாத்தான் வந்தேன். ஆனா பாருங்க, எங்களுக்குப் பின்னால இறங்க வேண்டிய நாலு பேரும் வீட்டுல இருக்காங்க. நாங்க இறங்குன தண்ணிய அவங்க தொட மாட்டாங்க. சொன்ன டீச்சரையும் வெளிய அனுப்பிட்டாங்க.”

நான் சொன்னேன்: என் ஆசிரியை ஒருவர் என்னை ஊக்கப்படுத்தினார். இன்று முதலாவதாக இறங்குவதில் மகிழ்ச்சி.

கால்டர் கைதட்டினார். பாக்கியம் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“டீச்சர், நான் சொன்னதச் சொன்னீங்களா?”

சொன்னேன் என்று தலையாட்டினேன்.

“டீச்சர அனுப்பிட்டாங்கன்னு சொன்னா அவரு ஏன் கைதட்டுதாரு?”

தொட்டிக்குத் தண்ணீர் விடும் குழாய் சொட்டுவது கேட்டது. போதகர் அவள் தோளில் கை வைத்து, “முழுகும்மா, நேரமாகுது” என்றார்.

“இருங்க ஐயா. நான் சொன்னத அப்படியே அவங்களுக்குச் சொல்லட்டும். சொன்ன பிறகு முங்குதேன்.”

ஐயா முன்வரிசையில் இருந்தார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. என் வாயில் வாக்கியம் தயாராக இருந்தது. முழு வாக்கியம், சரியான ஆங்கிலத்தில். ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோய், அந்தச் சகோதரி உங்கள் ஜெபங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றேன்.

பாக்கியம் பாடகர் குழுவைப் பார்த்துத் திரும்பினாள். மூன்றாமாண்டு ரெபேக்காவைப் பார்த்து, “பிள்ள, சொல்லிட்டாங்களா?” என்று கேட்டாள். ரெபேக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

பாக்கியத்துக்கு அது போதுமாயிருந்தது. படியேறி வெளியே வந்தாள். இடுப்புக்குக் கீழே நனைந்து, தலை காய்ந்தபடி நடு நடைபாதையில் நடந்து போனாள். மற்ற ஏழு பேரும் படியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அவள் பின்னால் போய்விட்டார்கள்.

அவளுக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய்விட்டது என்று கால்டரிடம் சொன்னேன். அவர் உடனே கண்ணை மூடி அவளுக்காக ஜெபித்தார்.

தரையெல்லாம் ஈரம். இவர் வழுக்கி விழப் பார்த்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

விருந்தினரைத் தூத்துக்குடி விமான நிலையத்துக்குக் கொண்டுவிடக் காரில் நானும் போனேன். கால்டர் முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டார். டில்மன் என் பக்கத்தில்.

“அந்தப் பெண் நிறையப் பேசினார். நீங்கள் சொன்னது நான்கைந்து வாக்கியம்” என்றார்.

“தமிழ் நீளமான மொழி” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வெளியே உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “என் அப்பா கொத்தனார். எங்கள் ஊர் வெள்ளைக்காரர் சபையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டியது அவர்தான். நீல ஓடு ஒவ்வொன்றாக அவர் கையால் பதித்தது. தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க அதில் இறங்கினார். அதற்குப் பிறகு அதில் இறங்க அவருக்கு அனுமதியில்லை. அந்தச் சபையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் அவருக்கு வணக்கம் சொல்வார்கள்.”

நான் வருத்தம் தெரிவித்தேன்.

“அந்தப் பெண்ணுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அல்லவா?”

டிரைவர் அப்போது ஹாரன் அடித்தார். எனக்குக் கேட்கவில்லை என்பதுபோல் இருந்துவிட்டேன். அவர் திரும்பக் கேட்கவில்லை.

மே 3, சனி

பாக்கியத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புதிதாக வந்தவள் சாம்பாரில் புளி அதிகம் விடுகிறாள் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். மாணவர்கள் என்னிடம் இப்போது அதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை.

மே 12, திங்கள்

டில்மனிடமிருந்து மின்னஞ்சல்.

அன்று யாரோ கைபேசியில் எடுத்த வீடியோவை அவருடைய ஊரில் இருக்கும் தமிழ்ப் பெண் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். பாக்கியம் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் அவர் கையில் இருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது வேறு.

'உங்கள் தமிழ் அறிக்கையின் ஐந்தாவது பத்தியில் இருக்கும் சொல் எங்கள் ஆங்கிலத்தில் இருப்பது இல்லை என்று கேள்விப்படுகிறேன். ஜூன் 10 மாநாட்டில் ஒலிபெருக்கி முன்னால் எனக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். நாங்கள் எழுதிய ஒரு வாக்கியம் வேறு நாட்டில் யாரை வெளியே அனுப்பப் பயன்பட்டது என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிறர் சொன்னதாக நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். மொழிபெயர்த்தவர் சொல்ல வேண்டும். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன். இரண்டு வரி போதும்.'

இரண்டு வரிதான்.

இவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை வாசித்தார். “ஷெரின் கல்யாணம் முடியட்டும்” என்றார்.

கல்யாணம் ஆகஸ்டில். மாநாடு ஜூனில். அது அவருக்கும் தெரியும்.

மே 13, செவ்வாய்

இரண்டு வரியையும் எழுதினேன். அனுப்பவில்லை.

மே 29, வியாழன்

பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பெயரெல்லாம் மூன்று முறை சரிபார்த்தேன்.

ஜூன் 2, திங்கள்

பதிவாளராக முதல் நாள். அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. ஐயா ஜெபித்து உட்காரவைத்தார்.

பதினோரு மணிக்குத் தெபோராள் வந்தாள். பணிச் சான்றிதழ் வாங்க. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாளாம். மதுரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. மெலிந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள்.

சான்றிதழில் 'விலகிய காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'சொந்த விருப்பம்' என்று எழுதி நீட்டினேன். வாசித்தாள்.

“சின்னக் கட்டம்” என்றேன்.

“ஆமா.”

வாய்க்கால் வீட்டில் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். கூட்டிப்போகிறேன் என்றாள். பிறகு அவளாகச் சொன்னாள்:

“பாக்கியம் போன ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் எடுத்துட்டாங்க. ஆத்துல. பதினேழு பேரு. எல்லாரும் கைகோத்து ஒரே நேரத்துல இறங்குனோம்.”

“யார் கொடுத்தா?”

“ஒருத்தருக்கொருத்தர்.”

அது ஐக்கியத்தின் விதிப்படி செல்லாது. அதை நான் சொல்லவில்லை.

அவள் எழுந்தாள். கதவருகில் நின்றாள். “நீங்க இனம்னே எழுதியிருந்தாலும் வேற ஏதாவது சொல்லி என்னைய அனுப்பியிருப்பாங்க. அது எனக்குத் தெரியும். அதனால உங்களத் திட்டணும்னு தோணல.”

நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

“ஆனா அன்னைக்கு ரெண்டு நாள் என் பக்கத்துல உக்காந்துதான எழுதுனீங்க. ஒரு வார்த்த, இப்படிக் கேக்காங்கன்னு சொல்லியிருக்கலாம். நான் தயாராவாவது வந்திருப்பேன்.”

நான் நாற்காலியைவிட்டு எழுவதற்குள் போய்விட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

ஜூன் 11, புதன்

மாநாட்டில் அறிக்கை நிறைவேறிவிட்டது என்று கால்டர் எழுதியிருக்கிறார். டில்மன் பேசினாராம். ஆதாரம் கேட்டார்களாம். தன்னிடம் ஒரு கைபேசி வீடியோ மட்டும் இருக்கிறது என்றாராம். அவருடைய சபையும் இன்னும் சில சபைகளும் ஐக்கியத்தை விட்டு விலகிவிட்டன. 'வருத்தமான இழப்பு, ஜெபியுங்கள்' என்று முடித்திருந்தார்.

தமிழாக்கம் செய்து அறிவிப்புப் பலகையில் போட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஷெரின் கல்யாணம். கர்த்தர் ஒரு குறையும் வைக்கவில்லை. எண்ணூறு பேர் சாப்பிட்டார்கள். ஆசிரியர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ரெபேக்காவும் அவள் வகுப்பும் பாட வருவதாக இருந்தது. வரவில்லை. வெளியிலிருந்து குழு பிடித்தோம்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஷெரின் போய்விட்டாள். வீடு கூட்டிப் பெருக்கி, வாடகைப் பாத்திரங்களைத் திருப்பி அனுப்பியாயிற்று. இவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். கணினியைத் திறந்து, மே மாதம் எழுதிவைத்த இரண்டு வரியை எடுத்தேன். தேதிக்காக ஒரு மன்னிப்புச் சேர்த்தேன். ஆங்கிலத்தில் இருந்த சொல் இனம். தமிழில் நான் எழுதியது சாதி. தெரிந்துதான் எழுதினேன். என் பெயரைச் சொல்லலாம்.

அனுப்பினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடிதம் திரும்பி வந்துவிட்டது. அது அந்த ஐக்கியம் கொடுத்திருந்த முகவரி. அவர் விலகியதும் மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று கணினி சொல்கிறது.

“அனுப்பிட்டியா?” என்று இவர் கேட்டார்.

அனுப்பிவிட்டேன் என்றேன். “பெறகென்ன, மனசு லேசாயிருக்குமே” என்று பேப்பரைத் திருப்பினார்.

லேசாகத்தான் இருந்தது. ஆனால் அனுப்பியபோது இல்லை. திரும்பி வந்தபோது. இந்த வருடம் இந்த நோட்டில் எழுதியதில் இந்த ஒரு வரியை மட்டும் திருத்தாமல் விடுகிறேன்.

தெபோராளின் கைபேசி எண் என்னிடம் இருக்கிறது. அதற்கு அனுப்பினால் திரும்பி வராது.